முடிக்கப்பட்ட பச்சைச் சீட்டு

மருத்துவ உதவித் தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்த அந்தச் செவிலியரைச் சக ஊழியர்கள் 'கடிகாரம்' என்றே அழைத்தனர். எந்த அழைப்பையும் நான்கு நிமிடத்திற்குமேல் நீட்டமாட்டார். இருக்கையில் அமருமுன் ஹெட்போனைப் பஞ்சால் துடைப்பார். செவ்வாய்க்கிழமை முதல் எவ்வளவு துடைத்தும் அதிலொரு வாடை போகவில்லை.

உயிருக்கு ஆபத்தெனில் சிவப்புச் சீட்டு. உடனே ஆம்புலன்ஸ் செல்லும். பொறுக்கக்கூடியதெனில் பச்சைச் சீட்டு. முகவரி கேட்பதில்லை, இவரே பின்னர் அழைப்பார். பத்து நிமிட இடைவெளியில் மும்முறை அழைத்தும் எடுக்காவிடின் சீட்டை முடித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை முற்பகல் பக்கத்து இருக்கைக்காரி திரும்பினாள்.

"கடிகாரம், காலையில நீ பச்சை போட்ட அம்மா திரும்பக் கூப்பிட்டாங்க. எட்டு மாசக் குழந்தை, கண்ணு செருகுதாம். முகவரி கேக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சு."

செவிலியர் அந்தத் தாயின் எண்ணை அழுத்தினார்.

"அவசரமில்லம்மா. மத்தவங்கள முதல்ல பாருங்க."

ஒரு முதியவரின் குரல்.

"ஐயா, குழந்தையோட அம்மாகிட்ட போனைக் குடுங்க."

"நெஞ்சுல கொஞ்சம் பாரம்தான். காத்திருக்கேன்."

மீண்டும் அழுத்தினார். அதே குரல். பக்கத்து இருக்கைத் தொலைபேசியிலிருந்து அழுத்தினார்.

"காத்திருக்கேம்மா."

போய்ச் சொன்னபோது மேற்பார்வையாளர் தலையை நிமிர்த்தவில்லை. "லைன் கோளாறு. எழுதிப் போட்டிருக்கேன்."

"போன மாசமும் எழுதித்தான் போட்டீங்க சார். அந்தக் குழந்தை உங்க கடுதாசியைப் படிச்சிட்டா உக்காந்திருக்கும்?"

எரிச்சலில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

அதிலிருந்து மூச்சொலி வந்தது.

மெதுவாக, இடைவெளி விட்டு.

அந்தக் குரலை முன்பே கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமைச் சீட்டுகளின் கட்டைப் பிரித்தார். தனியாக வாழும் முதியவர், நெஞ்சில் பாரம், "அவசரமில்லை" என்று அவரே கூறியதால் பச்சை. வேண்டாமென்று தடுத்தும் தம் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தார். அடியில் செவிலியரின் கையெழுத்து: மும்முறை அழைத்தேன், பதிலில்லை, முடிந்தது.

மூன்று அழைப்பும் ஒரே நிமிடத்தில் செய்தவை. அதை அவர் மட்டுமே அறிவார்.

சிவப்புச் சீட்டொன்றை எடுத்து, அம்முகவரியை எழுதி, ஆம்புலன்ஸ் பிரிவிற்கு அனுப்பினார். பின்னர்த் தாயின் எண்ணை அழுத்தினார்.

"ஹலோ, சிஸ்டரா? எவ்வளவு நேரமா அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்களே." தாய் அழுதாள்.

முகவரியைப் பெற்று ஆம்புலன்ஸ் அனுப்பினார். பதினோரு நிமிடத்தில் குழந்தை மருத்துவமனையில் இருந்தது. அழத் தொடங்கிவிட்டதென்று செய்தி வந்தது.

அதன்பின் மற்றோர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அழைத்தார்.

"சிஸ்டர், நீங்க சொன்ன வீடு உள்ள தாழ் போட்டிருக்கு. வாசல்ல நிக்க முடியல, அப்படியொரு நாத்தம். ஆனா உள்ள போன் அடிக்குது. நீங்களா கூப்பிடுறீங்க?"

செவிலியர் தம் இரு கைகளையும் பார்த்தார். அவை மேசைமேல் இருந்தன.

"இல்ல."

"நின்னுடுச்சு சிஸ்டர். யாரோ எடுத்துட்டாங்க."

ஓட்டுநரின் குரலுக்குப் பின்னால், காதிற்கு மிக அருகில், அந்த மூச்சு.

"மத்தவங்கள முதல்ல..."

செவிலியர் பழைய பச்சைச் சீட்டை எடுத்து, 'முடிந்தது' என்பதை அடித்தார். மூன்று அழைப்பும் ஒரே நிமிடத்தில் என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"கதவ உடைங்கண்ணே. எவ்வளவு நேரமானாலும் சரி, நான் லைன்லயே இருக்கேன்."