குடிக்காதவனின் சதையி

“ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வார்டுக் கட்டிலில் சுருண்டிருந்த கிஷான் நிமிர்ந்தான். படிவத்தோடு நின்ற தாதிக்குப் பெரிய கண்கள்... ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலையை மறைத்த மழையில் பாதி அவற்றில்தான் இருந்தது.

“நான் எங்க பங்குக் கோயில் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர், மிஸ்.”

“பதவிய கேக்கல்லைங்க. அளவ கேட்டேன்.”

“ஒரு சொட்டும் இல்ல.”

“எங்கப்பாவும் இப்பிடித்தான் சொல்வாரு... சாகுற வரைக்கும்.”

தாதி அஷ்வினி ஹேவாஹெட்டக்காரி. குடிகாரனுக்கு வாழ்க்கைப்படுவதில்லை என்று பதினாறு வயதிலேயே முடிவெடுத்தவள். இந்தப் பொய்யனின் சுருள்முடியை ஏன் இரண்டு தடவை பார்த்தோம்... அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

வீங்கியிருந்தது சதையி, அதாவது கணையம். இரைப்பைக்குப் பின்னால் பேசாமல் கிடக்கிற உறுப்பு. ஆண்பிள்ளைக்கு அது வீங்கினால் ஊர் நலம் விசாரிக்காது, குடிகாரன் என்று தீர்ப்புச் சொல்லும். டொக்டர் நஸீமுக்கு மட்டும் வேறு சந்தேகம். “சில பேருக்கு நோய் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாம சொந்தச் சதையிய அடிக்கும். கிருமியும் தேவையில்ல, சாராயமும் தேவையில்ல. இரத்தம் கொழும்புக்குப் போயிருக்கு. ரிப்போர்ட் வர மூணு கிழமையாகும்.”

மதுவிலக்குச் சங்கத்துக்கு மூன்று வாரப் பொறுமை இல்லை. நாலாம் நாள் தலைவர் லோரன்ஸ், தோடம்பழங்களோடு கிஷானின் ராஜினாமாக் கடிதத்தையும் தட்டச்சு செய்தே கொண்டுவந்தார். சங்கத்தின் தூய்மை பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மென்ற கராம்பையும் தாண்டி அவர் மூச்சில் வந்த வாசம், அஷ்வினிக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கிஷான் கையெழுத்துப் போட்டான். தலைவர் போனார்.

“உங்களுக்கு வாசம் வரல்லியா?”

“வந்துச்சு, மிஸ்.”

“பின்ன ஏன் வாயத் தொறக்கல்ல?”

“அவரு மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். எனக்காவது ஒரு ரிப்போர்ட் வரும். அந்தப் பிள்ளைக்கு என்னா வரும்?”

அவள் தலைவர் வைத்துவிட்டுப் போன தோடம்பழங்களை ஓரமாக நகர்த்தினாள். “உங்கள நம்பச் சொல்லி என்கிட்ட ஒரு தடவகூட கேக்கல்லியே நீங்க...”

“கெஞ்சி வாங்குற நம்பிக்கை வேணாம்.”

“திமிரு.”

“இருக்கு. அதுக்கு மருந்திருக்கான்னு டொக்டர்கிட்ட கேளுங்க.”

சிரிப்பை மறைக்க, சேலைன் குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். “நான் நம்புறேன்.”

“ரிப்போர்ட் வேற மாதிரி வந்தா?”

“மருந்த மாத்துவாங்க... நான் மனச மாத்த மாட்டேன். எனக்கு உங்கள புடிச்சிருக்கு.”

மேடையேறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பேசுகிறவனுக்கு, “எனக்கும்...” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.