நீலக் கயிற்றில் வெள்ளைப் புள்ளி

"சாரே, பொழுது சாயதுக்குள்ள எனக்க வீட்டுக்காரர அடிச்சே கொன்னுருவாவ!"

குழித்துறையில் துப்பறியும் பகவதியப்பனின் மேஜைமீது ஒரு நீலக் கயிற்றுத் துண்டை வைத்தாள் ரீத்தா.

நேற்று அவள் ஊர் மாதா கோயில் கொடியேற்றம். பாதி உயரத்தில் கயிறு அறுந்து, கொடி அதன் மரச்சட்டத்தோடு கீழே நின்ற செல்வதாஸின் தலையில் விழுந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சுனாமி தின்றுவிட்டுப் போன கரை அது. கொடி விழுந்தால் கடல் மறுபடி ஏறும் என்று ஊரே வெலவெலத்துப் போயிருந்தது. கயிற்றை நேர்ச்சைக் காணிக்கையாகக் கொடுத்தவன் ரீத்தாவின் கணவன் பெனிட்டோ; ஊர்க் கோபம் முழுக்க அவன்மேல்.

"ஆளு இப்ப எங்க?"

"வலைக்குவியலுக்கு அடியில சாரே. இது அவரு திரிச்ச கயித்துல மிச்சம்."

பகவதியப்பன் எழுந்தார். உதவியாளன் பிரைட்டன் ஏற்கெனவே ஜீப்பில் இருந்தான்.

மாதா கோயிலில், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ராஜமணி அறுந்த கயிற்றைக் காட்டினார். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்ததும் அதைப் பின்னறையில் பூட்டி வைத்தார்களாம். சாவி இரண்டு. ஒன்று ராஜமணியிடம், மற்றொன்று கமிட்டித் தலைவர் ரசலையனிடம். தலைமுறையாகக் கொடிக்கயிறு கொடுத்தது ரசலையன் குடும்பம். இந்த வருஷம்தான் குலுக்கலில் பெனிட்டோவுக்குப் போனது.

பிரைட்டன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். "புள்ளி புள்ளியா வெள்ளை சார். மட்டச் சாயமோ?"

"சாயம் மட்டம்னா முழுக்க வெளிறும். இது பஞ்சோட கோளாறு. நல்ல ரகத்துல, நல்லா விளைஞ்ச பஞ்சுல, இழைக்குள்ள செல்லுலோஸ் அடுக்கடுக்கா படிஞ்சு சுவர் தடிச்சிருக்கும். சாயம் பிடிக்கும், இழுத்தா தாங்கும். முதிராத இழைக்குச் சுவர் மெலிசு. சாயமும் பிடிக்காது, பாரமும் தாங்காது. ரீத்தா கொண்டுவந்த துண்டைப் பாரு, ஒரு புள்ளி உண்டா?"

"அப்போ கயிறு மாறியிருக்கு!"

மாற்றியது சாவி வைத்திருந்த இருவரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ராஜமணி தம் வீட்டைத் தாமே திறந்து காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. அடுத்தது ரசலையன் வீடு. அதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலர் கையில் துடுப்பு. ரீத்தா பகவதியப்பனுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"ஏட்டி, ஊரக் கெடுத்தது போதாதா? போலீசக் கூட்டிட்டு வந்தியா?" ரசலையன் வாசலை மறித்தார்.

பகவதியப்பன் அவர் தோளுக்கு மேலாக வீட்டுப் பீடத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோணியார் சுரூபம். தலை மேல்பலகையில் முட்டி, சீரியல் பல்பு மாலை நசுங்கியிருந்தது.

"அந்தோணியார் எப்பவும் இவ்வளவு உயரமா?"

ரசலையன் முகத்தில் ரத்தமில்லை.

"கயித்தை மாத்தினவன் அதை எரிச்சிருக்கலாம், கடல்ல எறிஞ்சிருக்கலாம். ஆனா அது மந்திரிச்ச கயிறு. இந்தக் கரையில எவனுக்கும் அந்தத் துணிச்சல் வராது. பீடத்துலதான் வைப்பான். பிரைட்டன், சுரூபத்துக்கு அடியில இருக்கிற துணியை விலக்கு."

சுரூபத்தின் காலடியில் சுருள் சுருளாக நீலக் கயிறு. ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.

"எனக்க கயித்துல கொடி ஏறணும்னுதான் நெனச்சேன்," ரசலையன் குழறினார். "அறுந்து போவும்னு நெனக்கல்லிய மக்கா!"

"அறுந்த பிறகு சொல்லியிருக்கலாமே? பெனிட்டோவை அடிக்கக் கிளம்பினப்போ?"

துடுப்புகள் இப்போது ரசலையன் பக்கம் திரும்பின. பகவதியப்பன் வாசலில் குறுக்கே நின்றார்.

ரீத்தா கரைக்கு ஓடினாள். "வெளிய வாரும்! எல்லாம் தெரிஞ்சு போச்சு!"

வலைக்குவியல் அசைந்தது. ஆள் வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

"ஏட்டி... கூட யாரு நிக்காவ?"