பனியாறு போன வழி

சமையலறைத் தரையில் காலையில் பார்த்த கீறல்கள் சாயங்காலத்துக்குள் கூடம்வரை வந்திருந்தன. மலைப்பக்கச் சுவரிலிருந்து பள்ளத்துப் பக்கமாக, எல்லாம் ஒரே திசையில், சிமெண்டைச் சீப்பால் வாரியதுபோல.

அவள் கொழுந்தன் மண்டியிட்டு விரலால் தடவினான். பாறை ஆய்வு அலுவலகத்தில் அவனுக்கு வேலை.

“பனியாறு நகர்ந்த பாறையில இப்படித்தான் இருக்கும், அண்ணி. வெறும் ஐஸ் கீறாது. அடியில மாட்டின கல்லுதான் அதுக்குப் பல்லு. இந்தப் பள்ளத்தாக்கையே அப்படித்தான் குடைஞ்சிருக்கு.”

“அது உருகிப் போய் ஆயிரக்கணக்கான வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா. இது புதுசு. பேசாம வீட்டை வித்துட்டுக் கிளம்பிடலாம், அண்ணி.”

“சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிப்பீங்க, தம்பி.”

அவன் சிரிக்கவில்லை. பள்ளத்துப் பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கணவன் கப்பலிலிருந்து திரும்பும்வரை வீட்டைக் காப்பது அவள் பொறுப்பு. அவளைப் பயமுறுத்தி வீட்டை விற்கவைக்க இப்படிக் கீறத் தெரிந்தவன் இங்கே ஒருவன்தான். ஒருவேளை தப்பாக நினைக்கிறோமோ? சோதித்துவிட்டால் தெரிந்துவிடும். அவனை அடைத்துவைத்த பிறகும் கீறல் நீண்டால் அவன் இல்லை. நின்றால் அவன்தான். சத்தமில்லாமல் வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்திருந்தாள். வெளிச்சம் மங்க மங்க நனைந்த கல்லின் வாசனை சுவர்களிலிருந்து கிளம்பியது. அலமாரித் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்தபடி ஒரே பக்கமாக ஒதுங்கின. மலைப்பக்கச் சுவருக்குள் ஏதோ பெரிய அரவை இயந்திரம் சுற்றுவதுபோல ஒரு சத்தம் தொடங்கி, அவள் பாதத்துக்கு அடியில் வந்து, கடந்து, அவன் அறைக்குள் போனது.

“அண்ணி! தாழ்ப்பாளை எடுங்க!”

நடிக்கிறான்.

“கட்டில் நகருது அண்ணி! சுவத்தோட சேத்து அழுத்துது!”

தாழ்ப்பாளைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. கட்டிலை அவனே இழுக்கலாமே. கையை எடுத்துவிட்டாள்.

“அண்...”

அரைபடும் சத்தம். மெதுவாக. மிக மெதுவாக.

பிறகு அதுவும் இல்லை.

திறந்தாள்.

கட்டில் இல்லை. அலமாரி இல்லை. அவன் இல்லை. தரை மட்டும் பளபளவென்று. சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு அரைத்த கல்போல ஈரமான சாம்பல் நிற மாவு.

அவன் போட்டிருந்த சட்டையின் நீலம் தரையில் மெல்லிய கோடுகளாக இழுபட்டிருந்தது. கோடுகள் சுவரை நோக்கி இன்னும் நீண்டுகொண்டிருந்தன.