பாதி மீன்

கதவருகே தொங்கிய ஊதா விளக்கின் கீழ் யுன்பெய் இடது கையை நீட்டினாள். காவலாள் முத்திரையை எடுப்பதற்கு முன்பே அவள் மணிக்கட்டில் ஒரு மீன் வால் ஒளிர்ந்தது.

அது மூன்று வாரத்துக்கு முந்தைய வால். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத அந்த மை வழக்கமாக இரண்டு குளியலில் போய்விடும். உப்பு, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் நார் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"ஓ, வாலா நீ?" என்றான் காவலாள். ஊருக்குப் புதியவன், வடக்குப் பக்கத்துப் பேச்சு. "தலை அப்பவே உள்ள போயிடுச்சே. ஜோடிய விட்டுட்டு இவ்வளவு லேட்டாவா வர்றது?"

"என் ஜோடியா? இன்னைக்கு யாரோ புதுப் பொண்ணுன்னு தாவ் அண்ணன் சொன்னாரே."

"எனக்கென்னம்மா தெரியும். சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டு வந்துச்சு. அந்தப் பக்கம் மழையா என்ன?"

யுன்பெய் திரும்பிப் பார்த்தாள். செங்டுவின் ஆற்றங்கரைச் சாலை கடைசி வரை காய்ந்து கிடந்தது.

கூட்டம் காட்டுவதற்காக இலவசமாக உள்ளே விடப்படும் பெண்கள் இந்த இரவு விடுதிக்கு இரண்டிரண்டு பேராகத்தான் வர வேண்டும். இருவரின் மணிக்கட்டுகளையும் ஒட்டவைத்து ஒரே குத்து. ஒருத்திக்கு மீனின் தலை, மற்றவளுக்கு வால். வெளியேறும்போதும் மீன் முழுசாக வெளியேற வேண்டும். ஒருத்தி குடித்துச் சாய்ந்தால் மற்றவள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மேலாளர் தாவ் ஏற்படுத்திய வழக்கம். சாய்ந்து கிடக்கும் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிற ஆண்கள் வாசலிலேயே நிற்பார்கள். பிணம் பொறுக்குகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அந்தச் சொல்லை யுன்பெய்யும் அவள் ஜோடி சியூலானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்திருந்த அறையில் இப்போது சியூலானின் அம்மா இருந்தாள். மகளின் உடைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் மகளின் சாம்பல் வைத்த பெட்டி. காலை ஏழு மணிக்கு அவளுக்கு ஊருக்கு ரயில்.

"அன்னைக்கு அவகூட யாருமே இல்லையாம்மா?" என்று அந்த அம்மா சாயங்காலம் கேட்டாள்.

"அவ எனக்கு முன்னாடியே கிளம்பிட்டா ஆன்ட்டி."

"நீ இருந்திருந்தா விட்டிருக்க மாட்டே. எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அவள் ஒரு கிண்ணம் நூடுல்ஸை யுன்பெய் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு. இளைச்சுப் போயிட்டே."

அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார முடியாமல்தான் ஓடி வந்திருந்தாள்.

உள்ளே தரை அதிர்ந்தது. பழத்தட்டுகளின் இனிப்பு வாடையும், சிகரெட்டும், மேலிருந்து விடப்படும் புகையின் பால் போன்ற மணமும் கலந்திருந்தன. யாருக்கோ பிறந்தநாள், ஒளிரும் பலகைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போனார்கள். எல்லா மணத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. சேறு. பாசி. மதகடியில் தேங்கிய தண்ணீர். சியூலானின் உடல் கிடைத்த இடத்தில் அடித்த வாடை.

வழக்கமான மேசையில் இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்றின் மெத்தை நனைந்திருந்தது.

"இங்க யார் உட்கார்ந்தாங்க?"

"உன் ஃப்ரெண்டுதான்" என்றாள் எதிரில் இருந்தவள், பகடைக் குவளையைக் குலுக்கியபடி. "வாயே திறக்கல. ஊமையாடி அது? குடிடீ, தாவ் அண்ணன் பார்க்கிறாரு."

யுன்பெய் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். குவளைக்குள் பகடைகள் உருளும் சத்தம் அன்று கார்க் கதவு திறந்த சத்தத்தை நினைவுக்குக் கொண்டுவந்தது.

அன்று சியூலான் நடைபாதை ஓரத்தில் வாந்திக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள், ஒற்றைச் செருப்போடு. நூறு முறை பார்த்தும் பேசாத ஒருவன் அன்றுதான் யுன்பெய்யைத் தன் காரில் சாப்பிட அழைத்திருந்தான். "அது உன் ஆளா?" என்று மூக்கைச் சுளித்தான். அப்போதைய காவலாள் ஊதா டார்ச்சைக் காட்டிக் கத்தினான்: "தலை இங்க இருக்கு! வால் யாரு? யாருகிட்ட வால் இருக்கு?" யுன்பெய் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

சியூலான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசிப்பவள் போன்ற பார்வை.

அந்தப் பார்வையைப் பற்றி யுன்பெய் போலீசிடமும் சொல்லவில்லை, அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிடலாம். போனை எடுத்தாள். 'ஆன்ட்டி, அன்னைக்கு நான்' என்று எழுதினாள். அழித்தாள். 'காலைல ரயில் இருக்கு, சீக்கிரம் தூங்குங்க' என்று எழுதி அனுப்பினாள்.

திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

அவள் நிமிரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி எழுந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் சளக், சளக். ஒரு காலில் செருப்பு. ஒரு காலில் இல்லை. இத்தனை இரைச்சலில் அது எப்படிக் கேட்கும்? கேட்டது.

வாசல். குளிர் காற்று. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதே இடம். வாந்தி வந்தது.

யாரோ அவள் கூந்தலைச் சேர்த்துப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். மென்மையாக. சியூலான் எப்போதும் பிடிப்பது போல. விரல்களிலிருந்து கழுத்துக்குள் தண்ணீர் வடிந்தது.

"வால் இங்க கிடக்கு!" காவலாளின் டார்ச். "தலை யாரு? யாருக்காவது இந்தப் பொண்ணைத் தெரியுமா?"

"தெரியும்."

தண்ணீர் நிரம்பிய தொண்டையிலிருந்து வந்த குரல்.

"என் ஃப்ரெண்டு. நான் கூட்டிட்டுப் போறேன்."

யுன்பெய் வாயைத் திறந்தாள். அன்று சொன்ன அதே வார்த்தைதான் வந்தது.

"தெரியாது... எனக்கு இவளைத் தெரியாது..."

காவலாள் சிரித்தான். "உள்ள போனா எல்லாருக்கும் இப்படித்தான். பெத்தவளையே தெரியாதும்பாங்க. கையைக் காட்டுங்கம்மா ரெண்டு பேரும்."

ஊதா வெளிச்சம் விழுந்தது. வெளுத்து, ஊறி, சுருங்கிய ஒரு மணிக்கட்டு அவளுடையதன்மேல் வந்து ஒட்டியது. தலையும் வாலும் பிசகாமல் சேர்ந்தன.

"சரியாப்போச்சு. பார்த்துப் போங்க."

டாக்சிகள் இடது பக்கம் நின்றன. அவர்கள் வலது பக்கம் திரும்பினார்கள், படிகள் ஆற்றுக்குள் இறங்கும் பக்கம். யுன்பெய் கையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு பிரியவில்லை. பையில் போன் அதிர்ந்தது, மறு கை பட்டதும் அந்த அம்மாவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு: "எங்கம்மா இருக்கே? தனியா வராதே, யாரையாவது கூட்டிக்கிட்டு வா."

இருட்டில், ஊதா விளக்கு எதுவும் இல்லாத இடத்தில், இரண்டு கைகளின்மேல் அந்த முழு மீன் ஒளிர்ந்தது. முதல் படியில் தண்ணீர் காலைத் தொட்டதும் அதன் வால் ஒருமுறை அசைந்தது.