வழியனுப்பும் வரிசை

அன்று காலை விமானத்தின் கேப்டன் சல்யூட் வைத்தது இவாகிரிக்கு இல்லை. அவரைத் தாண்டி, வரிசை முடிந்து வெறும் தரை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துத்தான் கேப்டன் நெற்றிக்குக் கையை உயர்த்தினார்.

வரிசை என்று சொல்வதே இப்போது கொஞ்சம் அதிகம். ஜப்பானின் இந்தச் சின்ன விமான நிலையத்தில், விமானம் நகரும்போது தரை ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றாக நின்று குனிந்து வணங்கி, அது ஓடுபாதையில் திரும்பும்வரை இரண்டு கையையும் ஆட்டிய காலம் உண்டு. கம்பெனி ஆளைக் குறைத்துக் குறைத்து, இன்று இவாகிரியும் ஹமாசுனாவும்தான் மிச்சம். மழைக்காலத்து மேகம் தரைவரை இறங்கியிருந்தது. இவாகிரி கையை ஆட்டியபடியே திரும்பிப் பார்த்தார். ஹமாசுனாவுக்கு அப்பால், மூன்று நான்கு பேர் நிற்கலாம் என்கிற அளவு இடைவெளி விட்டு ஒரு ஆள் நின்றிருந்தது. முகம் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கி, மெதுவாக வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார்கள் என்று இவாகிரி நினைத்தார். முப்பது வருஷ வேலை. யாரைக் கண்டாலும் இடுப்பு தானாக வளையும். குனிந்து, கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வது போலவே, "மழையில ரொம்ப சிரமப்பட்டீங்க" என்றார். அந்த ஆளும் குனிந்தது. இவாகிரி நிமிர்ந்தபோது நடுவில் இருந்த இடைவெளி பாதியாகியிருந்தது. ஈரக்காற்றில் விளக்கெண்ணெய் கருகிய வாசனை.

"யாருகிட்டண்ணே பேசுறீங்க?" என்றான் ஹமாசுனா.

அவன் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஈரத் தரைதான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவன் விடவில்லை. "மக ஊருக்குப் போறான்னு காலையிலேர்ந்தே உங்க கண்ணு சரியில்ல. அழறதுன்னா இப்பவே அழுதுடுங்க. மத்தியானம் பயணிங்க முன்னாடி மானத்தை வாங்காதீங்க."

இவாகிரி சிரித்து வைத்தார். கடித்த சோற்றுருண்டையைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். தொப்பியைச் சுற்றும் அந்த விதத்தை அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார், எங்கே என்பதும் தெரிந்துதான் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின் கடைசி வருஷங்களில் இந்தத் திடலில் பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மரச்சட்டத்தில் துணி போர்த்திய ஆரஞ்சு நிறப் பயிற்சி விமானங்கள். எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். தும்பி என்று ஊர் செல்லமாகக் கூப்பிட்டது. நல்ல விமானங்கள் தீர்ந்துபோனதும் அந்தத் தும்பிகளிலேயே குண்டைக் கட்டி, பையன்களை ஏற்றி, எதிரிக் கப்பல்கள் மேல் போய் விழச் சொல்லி அனுப்பினார்கள். இன்று நகராட்சி அந்தத் தும்பிக்கு இரண்டு உருண்டைக் கண்ணும் ஒரு சிரிப்பும் வரைந்து விமான நிலையத்தின் சின்னமாக்கிவிட்டது. தும்பி பிஸ்கட்டைப் பெட்டி போட்டு விற்கிறார்கள். வெட்கம் கெட்ட ஊர்.

விமான நிலைய வாசலில் அந்தப் பையன்களுக்காக நட்டிருக்கும் நினைவுக் கல்லில் எழுதாத ஒன்றை, பழைய மேஸ்திரி ஒரு வருஷக் கடைசி விருந்தில், குடித்துவிட்டு இவாகிரியிடம் சொல்லியிருந்தார். எஞ்சின் கோளாறு என்று எவனாவது திரும்பி வந்தால் இறங்க விடமாட்டார்களாம். மிச்சமிருக்கும் பையன்களை ஓடுபாதையின் இரண்டு பக்கமும் நிறுத்தி, தொப்பியை ஆட்டச் சொல்வார்களாம். வழியனுப்பியாகிவிட்டது, போ என்று அர்த்தம். மேலே இருப்பவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். தொப்பிகள் நிற்காது. கடைசியில் கடல் பக்கம் திரும்பிவிடுவான். முந்தின ராத்திரி பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனை இப்படித் துரத்திவிட்டு, அடுத்த வாரம் துரத்தியவனும் போவான். உத்தரவு போட்ட அதிகாரிகள் வயதாகிப் படுக்கையில் செத்தார்கள்.

மத்தியான விமானத்துக்கு மகள் சிஹோ கையில் ஒற்றைப் பெட்டியோடு வந்தாள். அவளுடைய அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. இவாகிரிக்கு இந்த உலகத்தில் இனி இவள் ஒருத்திதான்.

"நாளைக்குப் போயேன்."

"ஏன், பழைய சோறு மிச்சமிருக்கா?"

"மேகம் சரியில்ல."

"இதெல்லாம் ஒரு மேகமான்னு ஊரையே கிண்டல் பண்ற ஆளு நீங்க." அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அம்மா இல்லாத வீட்டுல தனியாப் படுக்க பயமா இருக்குன்னா அதை நேராச் சொல்லுங்கப்பா. அடுத்த மாசம் ஒசாகாவுக்கு வந்துடுங்க. குளியல் தொட்டி சின்னதுதான், மடங்கி உக்காந்துக்கலாம்."

ஒருத்தன் தொப்பி சுற்றுகிறான், அதனால் போகாதே என்று எந்த அப்பன் சொல்வான்? சொன்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போவாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, சரி என்றார்.

"நல்லாக் கையாட்டணும். ஜன்னல் சீட்டு வாங்கியிருக்கேன்."

ஆட்டக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். வழியனுப்பினால்தானே திரும்பக்கூடாது. அனுப்பாமல் விட்டால் அவளுக்குத் திரும்பும் வழி இருக்கும். பைத்தியக்காரக் கணக்குதான். பயந்தவனுக்கு வேறு கணக்கு வராது.

சக்கரத் தடையை எடுத்தார்கள். புரொப்பெல்லர்கள் சுழலத் தொடங்கின, மழைத்துளிகள் கிடைமட்டமாகப் பறந்து முகத்தில் அறைந்தன, அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு இரைச்சல், பழைய தையல் மெஷின் ஓடுவது போலத் தடதடவென்று, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி, தரையிலிருந்தே வருவது போல உள்ளங்கால் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இவாகிரி கைகளை மழைக்கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். விளக்கெண்ணெய் வாசனை இப்போது வாய்க்குள்ளேயே இருந்தது. பக்கத்தில் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தார்.

ஹமாசுனாவை ஒட்டி ஒரு பையன். அவனை ஒட்டி இன்னொருவன். அப்புறம் இன்னொருவன். புல்வெளி வரைக்கும், அதற்கு அப்பால் மேகத்துக்குள்ளும். பதினாறு, பதினேழு வயது முகங்கள். எல்லார் கையிலும் தொப்பி.

"பொண்ணு பாக்குறாண்ணே" என்று ஹமாசுனா முழங்கையால் இடித்தான். "ஆட்டுங்க. கல்லு மாதிரி நிக்கிறீங்க."

ஜன்னலில் சிஹோ. சிரிப்பு மெல்ல வாடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துவிட்டாள். அந்த முகத்தை இவாகிரியால் தாங்க முடியவில்லை. கையை எடுத்தார். ஆட்டினார்.

பக்கத்தில் அத்தனை தொப்பிகளும் உயர்ந்தன.

விமானம் ஓடுபாதையின் முனைக்குப் போய் நின்றபோது அவருடைய போன் அதிர்ந்தது. சிஹோ எழுதியிருந்தாள்: 'அம்மாவுக்காகவா அப்பா இத்தனை பேர் வந்து நின்னாங்க? அழுதுட்டேன்.'

பதில் எழுதுவதற்குள் விமானம் மேகத்துக்குள் போய்விட்டது. வரிசையையும் காணோம். இவாகிரி நின்ற இடத்திலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி ஹமாசுனா இரண்டு முறை கூப்பிட்டான். மூன்றாவது முறை அவன் வாசலிலிருந்து கத்தியது வேறு விஷயம்.

"அண்ணே, திரும்பி வர்றாங்க. இடது எஞ்சின் நின்னுபோச்சாம்."

தீயணைப்பு வண்டி ஓடியது. இவாகிரியும் ஓடினார். மேகத்துக்கு அடியில் விமானத்தின் விளக்குகள் தெரிந்தன. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆனால் ஒழுங்காக, ஓடுபாதையை நோக்கி இறங்கிவந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். இறங்கிவிடுவாள்.

ஓடுபாதையின் இரண்டு பக்கமும் பையன்கள் நின்றார்கள்.

தொப்பிகள் சுற்றின.

விமானம் தரையைத் தொடப்போய், தயங்கி, முனகிக்கொண்டு மறுபடி ஏறியது.

பின்னாலேயே ஓடிவந்த ஹமாசுனாவின் வாக்கிடாக்கி கரகரத்தது. அவன் முகம் வெளுத்துப்போனது. "ஓடுபாதையில ஆளுங்க நிக்கிறாங்களாம். கேப்டன் சொல்றாரு. யாருண்ணே? யாரும் இல்லையே."

இவாகிரி ஓடுபாதைக்குள் இறங்கினார். ஒரு பையனின் கையைப் பிடித்து இழுத்தார். பிடிக்கக் கை இருந்தது. ஈரம். குளிர். அசைக்க முடியவில்லை. அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான். அழுதபடியே ஆட்டினான். நிறுத்தச் சொல்ல யாரும் வரவில்லை என்பது போல ஆட்டினான். வெறுப்பு இருந்திருந்தால் கெஞ்சியிருக்கலாம். அவனிடம் உத்தரவு மட்டும்தான் இருந்தது.

விமானம் சுற்றி வந்தது. தாழ்வாக. ஒற்றை எஞ்சின் இருமியது.

இவாகிரி ஓடுபாதையின் ஓரத்தில் நின்று, கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, வா வா என்று கூப்பிட்டார். "வாம்மா. இறங்கு. வந்துடு." தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

தலைக்கு மேலே ஜன்னல்கள் போயின. ஒன்றில் அவள் இருந்தாள். கீழே அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். அத்தனை கைகளுக்கு நடுவே அவர் கையும் ஆடுவதைப் பார்த்தாள்.

பதிலுக்குக் கையசைத்தாள்.

விமானம் கடல் பக்கம் திரும்பியது. சத்தம் மெலிந்தது. மெலிந்து, நின்றது.

தொப்பிகள் நிற்கவில்லை. கையை இறக்கப் பார்த்தார் இவாகிரி. அது இறங்கவில்லை.