பூச்சிகளை நன்றாகக் கவனிக்கவும்

சனிக்கிழமை காலை கழிவுநீர் நிலையத்தில் இருந்தவர்கள்: மூக்கி, அவளுடைய அம்மா, வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான, அவள் மாமா என்று கூப்பிடும் உதவியாளர், அப்புறம் இரண்டாம் தொட்டியில் பல கோடிப் பூச்சிகள்.

மூக்கிக்கு வேறு பெயரும் உண்டு. எந்த வாசனையையும் முதலில் பிடிப்பவள் அவள்தான் என்பதால், அந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

பூச்சிகள் என்று அவர்கள் சொல்வது நுண்ணுயிர்களை; வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஊரே கழுவி ஊற்றும் தண்ணீர் குழாய் வழியாக இங்கேதான் வரும். அதிலுள்ள அழுக்கைத் தின்பது அவற்றின் வேலை. தின்றால் தண்ணீர் தெளிந்து கடலுக்குப் போகும். தின்னாவிட்டால் அழுக்காகவே போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பூச்சிகள் கூண்டோடு செத்துப்போயின. கரையில் சிவப்புக் கொடி நட்டார்கள். பிள்ளைகள் யாரும் கடலில் இறங்கவில்லை. மீன்பிடிக்கும் அப்பா படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, பத்து நாள் வீட்டில் உட்கார்ந்து எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். மூக்கி அதை மறக்கவில்லை.

அம்மாதான் நிலையத்தின் பொறுப்பாளர். சோதிப்பதற்குக் கடல் தண்ணீரை எடுத்துவரப் பாட்டில்களோடு கிளம்பும்போது, பலகையில் அவசரமாக எழுதினாள்: 'இரண்டாம் தொட்டிப் பூச்சிகளை நன்றாகக் கவனிக்கவும்.'

"நான் பாத்துக்கறேன் மேடம்," என்றார் மாமா.

மூக்கி வீட்டுப்பாடத்தில் பாதியில் இருந்தாள். திடீரென்று மூக்கு சுருங்கியது. காரமான நெடி!

வெளியே ஓடினாள். வாளி நிறைய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எடுத்துக்கொண்டு மாமா தொட்டிப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். கீழே இன்னும் மூன்று மூட்டைகள் காத்திருந்தன.

"மாமா, நில்லுங்க! என்ன பண்றீங்க?"

"பூச்சியைக் கவனிக்கப் போறேன். அம்மாதானே எழுதினாங்க?"

"கவனிக்கறதுன்னா கொல்றதில்ல மாமா!"

"பின்ன? இருபது வருஷம் ஓட்டல் அடுப்படியில கெடந்தவன் பாப்பா நான். கரப்பானை நல்லா கவனின்னு முதலாளி சொன்னா, அதுக்குச் சோறா போடுவேன்?"

மூக்கிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாளி சாய ஆரம்பித்திருந்தது.

"இதுங்களுக்குச் சோறு போடணும்!"

"தள்ளி நில்லு, மேல தெறிச்சிடும்."

அம்மாவைக் கூப்பிடவும் வழியில்லை; அவளுடைய செல்போன் மேசையிலேயே கிடந்தது. கத்தினால் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள். ஆனால் கேள்வி கேட்டால் நிற்பார்கள்.

"மாமா, அந்தப் பூச்சியை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"எதிரி மூஞ்சியைக்கூடப் பாக்காம சண்டைக்குப் போறீங்களா?"

மாமா யோசித்தார். வாளியைக் கீழே வைத்தார்.

அறைக்குள் வந்ததும், மூக்கி தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாள்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. ரெண்டையும் இல்ல மாமா!"

"அடேங்கப்பா! என்ன ஓட்டம் ஓடுது! இது என்ன, மணி மாதிரி ஆடிக்கிட்டே இருக்கு?"

"அது அழுக்கைத் தின்னுது. இதுங்க தின்னாதான் கடல் சுத்தமா இருக்கும்."

"என் தம்பி மாதிரியே தின்னுதே, தலையைத் தூக்காம!"

இப்போது மூக்கி வெளியே போய் வாளியிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்து வந்து, அதில் விட்டாள்.

ஓட்டம் நின்றது. மணியும் ஆடவில்லை.

மாமா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "எல்லாம் போச்சா?"

"போச்சு."

"நல்லவேளை, நான் ஊத்தல," என்றவரின் குரல் இறங்கியது. "அம்மாகிட்ட சொல்லிடுவியா பாப்பா? வந்து ரெண்டு நாள்தான் ஆகுது."

"தப்பு உங்களுது மட்டும் இல்ல மாமா. எழுதினதும் தப்பு."

மூக்கி பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 'தொட்டியில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்கவும். எதையும் ஊற்றக் கூடாது.'

அம்மா திரும்பி வந்து பலகையைப் பார்த்தாள். "என் எழுத்தை யாரு திருத்தினது?"

மாமாதான் முன்னால் வந்து, வாளியிலிருந்து மணி வரை எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்புறம் சிரித்தாள். "முதல்ல என்னைத்தான் நல்லா கவனிக்கணும்!"

அவள் கொண்டுவந்த பாட்டிலில் கடல் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

மாமா மூட்டைகளைத் தூக்கிப்போய்க் கிடங்கில் அடுக்கினார். வெளியே வந்ததும் தொட்டியைப் பார்த்து, "வயிறாரச் சாப்பிடுங்கப்பா," என்றார்.

அவருக்குப் பின்னால் கிடங்குக் கதவைச் சாத்திப் பூட்டிய மூக்கி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.