திருப்பி விடப்பட்டவன்

இட்வால் அந்த மீனைத் தண்ணீரில் எறிந்தான்.

கோபத்தில் வீசி எறியவில்லை. முள்ளைக் கழற்றினான், துண்டால் சுற்றிப் பிடித்தான், முழங்கால் உயரத்திலிருந்து கடலுக்குள் போட்டான். வயிறு அடிபடும் சத்தம் கேட்டது. மீன் கொஞ்ச நேரம் சாய்ந்து மிதந்து, பிறகு தானாகப் புரண்டு, கலங்கிய பார்வையோடு கீழே இறங்கியது. பத்தடி தள்ளித் தன் கயாக் படகில் உட்கார்ந்திருந்த மெய்னிருக்கு, பிரார்த்தனைக்கு நடுவில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் இருந்தது.

வேறு யாராவது செய்திருந்தால் அவள் கண்டுகொண்டிருக்க மாட்டாள். செய்தவன் இட்வால். அந்த வேல்ஸ் கரையில் பாஸ் என்று சொல்லும் மீனை, நம் ஊர்க் கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தத்தை, அழியவிடாமல் காக்க ஊரோடு சண்டை போட்டவன் அவன். கொடுவா அவசரமில்லாத மீன். முதல் முட்டை இடுவதற்கே வருஷக்கணக்கில் ஆகும். நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். பெரிய தாய் மீனையும் விட வேண்டும் என்பது இட்வாலின் சட்டம், அதை மதுக்கடையில் மேசைமேல் ஏறி நின்று சொன்னவன். விடுவதற்கும் அவனுக்கு ஒரு முறை இருந்தது. கையைத் தண்ணீருக்குள் விட்டு, மீனின் வயிற்றைத் தாங்கி, முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பான். செவுள் திறந்து மூடி, உயிர் ஏறி, மீன் தானாக வாலை உதறிப் போகும்வரை கையை எடுக்க மாட்டான்.

இன்றைக்கு அவன் கை தண்ணீரில் படவே இல்லை. துடுப்பிலிருந்து தெறித்த இரண்டு சொட்டைக்கூடக் காற்சட்டையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டான்.

"நீயா இது? போன வருஷம் இதே காரியம் பண்ணினதுக்கு ஒரு டூரிஸ்ட்காரன கரை வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தியே," என்றாள் மெய்னிர்.

"கை மரத்துப் போச்சு மெய்னி. குளிரு."

செப்டம்பர் மாதத்தில் அந்தக் கடல் வருஷத்திலேயே இதமாக இருக்கும். அவள் விரல்களை உள்ளே விட்டுப் பார்த்தாள். இதமாகத்தான் இருந்தது.

அவர்கள் நின்றிருந்த இடத்துக்கு அடுப்பு என்று பேர். மூன்று பாறைகள் கடலடியில் அடுப்புக் கல்போலக் கூடி நிற்கும் ஒரு பாறைத் திட்டு, அதன் மேற்குப் பக்கம் செங்குத்தான இறக்கம். பேர் வைத்ததும் அவர்கள்தான், ஊருக்கு மறைத்து வைத்ததும் அவர்கள்தான். கரையோரம் எல்லாம் வலைக்காரர்கள் வழித்தெடுத்த பிறகு, கொடுவா குடும்பத்தோடு பிழைத்துக் கிடந்த ஒரே இடம் அது. இருவருக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. அடுப்பைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது, தனியாக யாரும் வரக் கூடாது.

காலையில் கயாக்குகளை இறக்கும்போது இட்வாலின் மனைவி நெரிஸ், தேநீர்க் குடுவையைக் கொடுக்கும் சாக்கில் மெய்னிரைத் தனியே இழுத்தாள்.

"உன் கூட்டாளி சனிக்கிழமையிலேர்ந்து குளிக்கல, தெரியுமா? குழாயத் தெறந்தா பூனை மாதிரி பதுங்குறான். அன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் கடல்ல என்ன ஆச்சு?"

சனிக்கிழமை மெய்னிர் பாங்கோர் நகரத்தில், தங்கை மகனின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும், "ஒண்ணும் ஆகலையே நெரிஸ்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம் அது. அவனுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான், அவன் தனக்குச் செய்த துரோகம் அவளுக்கு உறைத்தது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே ஒரு மைல் துடுப்பு போட்டிருந்தாள்.

"சனிக்கிழமை இங்க தனியா வந்தியா?" என்று இப்போது கேட்டாள்.

அவன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்தான்.

"வந்தேன்."

"பொண்டாட்டிகிட்ட என் பேரச் சொல்லிட்டு."

"ஆமா."

"வெக்கமா இல்ல உனக்கு? பொய் சொல்றதுக்கு வேற ஆளே கெடைக்கலையா? நானா இருந்தா பெட்ரோல் பங்க்குல நிக்கிற கிழவன் பேரச் சொல்லியிருப்பேன்."

இந்த மாதிரி திட்டுக்கு அவன் எப்போதும் சிரித்துவிடுவான். இப்போது சிரிக்கவில்லை. அவளை மேலிருந்து கீழாக, நீட்டிக் கிடந்த கால் நுனிவரை, ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

கரையில் தங்கியிருந்த மூடுபனி அதற்குள் கடலுக்கு இறங்கி வந்திருந்தது. முதலில் மாதாகோயில் கூரை போயிற்று, பிறகு ஆட்டு மேய்ச்சல் சரிவு போயிற்று, பிறகு கரை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லாமல், பால் கலந்த வெளிச்சம் மட்டும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நின்றது. காலைமுழுக்கக் கத்திக்கொண்டிருந்த கடற்காக்கைகள் அடங்கிவிட்டன. கயாக்கின் அடியில் ஓயாமல் தட்டும் அலைச் சத்தம், அவள் காது பழகிப்போய்க் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம், அதுவும் நின்றிருந்தது. ஊறின சேற்று வாடை ஒன்று தண்ணீரிலிருந்து கிளம்பியது. வற்றிய கழிமுகத்தில் அடிக்கும் வாடை. இங்கே காலுக்குக் கீழே பதினெட்டு மீட்டர் ஆழம்.

"போயிடலாம்டா. பனி நல்லா இல்ல."

"ஒரு பெருசு மாட்டுச்சு மெய்னி," என்றான் இட்வால், அவள் சொன்னது காதில் விழாதவன்போல. "சனிக்கிழமை. இறக்கத்துக்கு அந்தப் பக்கம். கயாக்கையே இழுத்துக்கிட்டுப் போச்சு. கவுந்துட்டேன்."

"லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தல்ல?"

"போட்டிருந்தேன். அதோடயே கீழ போனேன்."

அவள் கயாக்கில் பொருத்தியிருந்த ஆழமானியின் சின்னத் திரையில் எண் பதினாறு என்று மாறியதைப் பார்த்தாள். வற்றம்தான், தண்ணீர் இறங்கும் நேரம்தான். ஆனால் இவ்வளவு சீக்கிரம் இறங்காது.

"கீழ ஏதோ ஒண்ணு என்னை வயித்தோட சேத்து பிடிச்சுச்சு. எவ்வளவு மெதுவா பிடிச்சுச்சு தெரியுமா? நேரா நிமித்தி, நீரோட்டத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பி, முன்னால... பின்னால. நான் அடிச்சுக்கிட்டது அடங்குற வரைக்கும். அப்புறம் தலையிலேர்ந்து கால் வரைக்கும் என்னமோ தடவிட்டுப் போச்சு. ரெண்டு தடவ. அப்புறம் விட்டுடுச்சு."

"கடல்நாயா இருக்கும். வெளாடும்."

இட்வால் ஜாக்கெட்டின் வாரை அவிழ்த்துக் கம்பளிச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். விலாவின் இரண்டு பக்கமும் நீலம் பாய்ந்து கன்றிப்போயிருந்தது. வரிவரியாக. ஒவ்வொரு வரியும் மெய்னிரின் முன்கை நீளம்.

திரையில் பன்னிரண்டு.

"ஏன் விட்டுச்சுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்," என்றான். "நாம ஏன் விடுவோம்? அளவு பத்தலன்னாதானே?"

ஊரில் அவனைக் குட்டை இட்வால் என்றுதான் சொல்வார்கள். மெய்னிரைக் கலங்கரை விளக்கே என்று கூப்பிடுவார்கள். ஆறடியைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்திலேயே கடைசி பெஞ்சு. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் மதுக்கடை வாசலில் ஒரு கேலியாவது விழாமல் இருக்காது. 

துடுப்பை எடுத்தாள். கயாக்கைத் திருப்பினாள். எந்தப் பக்கம் கரை? எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. தோளில், கரைக்குப் பேசும் ரேடியோவை மாட்டும் இடத்துக்குக் கை போயிற்று. வெறும் கொக்கி. காலையில் கார் நிறுத்துமிடத்தில், "என்னோடது தண்ணி பட்டு செத்துப்போச்சு, இன்னைக்கு மட்டும் உன்னோடதக் குடு," என்று அவன் கேட்டதும், யோசிக்காமல் கழற்றிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

"ரேடியோவக் குடு இட்வால்."

அவன் கயாக் சத்தமில்லாமல் வந்து அவளுடையதோடு ஒட்டியது. வழக்கமான காரியம்தான். ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் மற்றவர் வந்து பக்கத்தில் ஒட்டி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, கவிழாமல் நிறுத்த வேண்டும். எத்தனை முறை பிடித்திருக்கிறான். அந்தக் கைகளை நம்பி எத்தனை முறை அவள் கடலுக்கு மேல் சாய்ந்திருக்கிறாள். இப்போதும் அதே மாதிரி பிடித்தான். இறுக்கமாக.

"ரேடியோ இல்ல. வர்ற வழியிலேயே தண்ணில போட்டுட்டேன்."

"விடுடா."

"குழாய்த் தண்ணிலகூட இருக்கு மெய்னி. டீ ஆத்தும்போது கோப்பைக்குள்ள இருக்கு. தொட்டா அளக்குது. மறுபடி மறுபடி அளக்குது. நான் ஒண்ணும் வளரப்போறதில்ல." அவன் அழுதுகொண்டிருந்தான். "பெருசா ஒண்ணு குடுத்தா என்னை மறந்துடும்."

"இத்தனை வருஷம்டா," என்றாள். அவ்வளவுதான் வந்தது. பயத்தைவிட அதுதான் வலித்தது. தேநீரில் அவளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்தவன். அவள் அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். எந்த இரவு உட்கார்ந்து இதை முடிவு செய்தான்? நெரிஸ் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போதா?

துடுப்பால் அவன் கையில் அடித்தாள். எலும்பில் பட்டது. அவன் விடவில்லை.

"நாமதானே பெருசையும் விடணும்னு சொல்லிக்கிட்டிருந்தோம்," என்றான், கெஞ்சுவதுபோல. "அதுவும் அப்படி நெனைக்கலாம்ல? உன்னையும் விட்டுடலாம்ல?"

திரையில் நான்கு.

மூன்று.

விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, எப்போதும் நிறுத்தும் அதே கைகளால், அவன் தூக்கினான்.

தண்ணீர். காதுக்குள் தண்ணீர். ஜாக்கெட் அவளை மேலே தூக்கியது, ஒரு மூச்சு கிடைத்தது, கண்ணில் உப்பு. கயாக் தலைகீழாகக் கிடந்தது. கையை நீட்டினாள். எட்டவில்லை. பனிக்குள் துடுப்புச் சத்தம் கேட்டது. ஒழுங்கான சத்தம். இடது, வலது, இடது, வலது.

"இட்வால்!"

துடுப்பு ஒரு தடவை தயங்கியது. பிறகு தொடர்ந்தது. அவன் முதுகு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்போது ஏதோ அவள் வயிற்றைத் தாங்கியது.

மெதுவாக. அவன் சொன்னது உண்மை. அவ்வளவு மெதுவாக. குளிர்ந்த, அகலமான, எலும்பில்லாத ஒன்று விலாவின் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டது. உதைத்தாள். காலுக்கு எதுவும் அகப்படவில்லை. அது அவளைக் கீழே இறக்கியது. நிமிர்த்தியது. முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பியது. முன்னால். பின்னால். நெஞ்சு வெடித்தது. வாய் திறந்தது. கடல் உள்ளே வந்தது.

வலிக்கவில்லை. அதுதான் கொடுமை. வந்த தண்ணீர் போயிற்று, மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. அவள் சாகவில்லை.

உச்சந்தலையில் ஏதோ தொட்டது. கழுத்து. முதுகு. இடுப்பு. முழங்கால். குதிகால்வரை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. இன்னொரு தடவை, உச்சியிலிருந்து.

விட்டுவிடும், என்று நினைத்தாள். பெரியதை விட்டுவிட வேண்டும். விட்டால்தான் பெருகும். விட்டுவிடு.

பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. இறக்கத்தின் விளிம்பைத் தாண்டி அவளைக் கொண்டுபோனது. பச்சை வெளிச்சம் கருத்தது. கண் பழகியது.

கீழே நின்றுகொண்டிருந்தார்கள்.

பாறைச் சுவரை ஒட்டி, வரிசை வரிசையாக, ஆட்கள். எல்லாரும் உயரமானவர்கள். எல்லார் முகமும் நீரோட்டத்தைப் பார்த்து. தலைமுடி பின்பக்கமாக ஒரே திசையில் மிதந்தது. பழைய எண்ணெய்த் துணி மேலங்கிகள், கம்பளிச் சட்டைகள், துணியே மக்கிப்போன வெற்று உடம்புகள். முன்னால், பின்னால், எல்லாரும் ஒன்றாக அசைந்தார்கள். வாய்கள் திறந்தன, மூடின, திறந்தன. கண்களும் திறந்திருந்தன, அவளைப் பார்த்தன.

முன்வரிசையில் ஒரு பெண், நிறைமாதம்போல வயிறு பெருத்தவள், மெல்ல ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டாள்.